மணல் வடித்துக் கொடுத்த தண்ணீர்

ஜெயமங்கலத்துக்குக் குடிதண்ணீர் கொடுத்தது வராகநதியின் மணல். ஆறு கொடுத்தது என்று எழுதாமல் மணல் கொடுத்தது என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அப்பத்தா காலத்திலும் சரி, என் சிறு வயதிலும் சரி, ஆற்றில் ஓடிய தண்ணீரை அப்படியே அள்ளிக் குடித்தவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. ஓடுகிற தண்ணீர் குளிக்க, துவைக்க, மாடு கழுவ. குடிக்க வேண்டுமென்றால் மணலில் ஊற்றுத் தோண்ட வேண்டும்.

கொடைக்கானல் மலையின் தென்சரிவில் பிறக்கும் வராகநதி, சோத்துப்பாறை வழியாக இறங்கி, பெரியகுளத்தை வடகரை தென்கரை என்று இரண்டாகப் பிரித்து, வடுகபட்டி, மேல்மங்கலம் தாண்டி எங்கள் ஊருக்கு வருகிறது. பிறகு வைகையில் போய்ச் சேர்கிறது. மலையில் பாறைகளுக்கு நடுவே பாய்ந்து வரும் ஆறு, சமவெளியில் வேகம் தணிந்து மணலைப் பரப்பும். கோடையில் மேலே ஒரு சொட்டு ஓடாத நாளிலும் மணலுக்கு அடியில் தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஓட்டத்தை நம்பித்தான் ஊர் இருந்தது.

நான் இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். அங்கன்வாடிப் பணியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது ஊர்த் தண்ணீரைப் பரிசோதிக்கப் பயிற்சி பெற்ற பெண்களில் ஒருத்தி. குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார்கள், எப்படிக் கெட்டது என்பதை ஊரில் யாரும் எழுதி வைக்கவில்லை. கோயில் திருவிழாக் கணக்குக்கு நோட்டு உண்டு, தண்ணீருக்கு இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஊற்றுத் தோண்டுவது பெண்கள் வேலை. விடியும் முன்பே போய்விடுவோம். கரையை ஒட்டித் தோண்டக் கூடாது. கரை மண் கலந்து தண்ணீர் மட்கிய வாடை அடிக்கும். ஆற்றின் நடுப்பக்கமாக, மணல் பொடியாக இருக்கிற இடம் பார்த்து, இரண்டு கையாலும் வாரி வெளியே தள்ள வேண்டும். முழங்கை ஆழம் போனதும் மணல் ஈரமாகிக் கனக்கும். இன்னும் கொஞ்சம் வாரினால் அடியில் தண்ணீர் கசியும். முதலில் கலங்கலாகத்தான் வரும். அதைச் சிரட்டையால் இறைத்துத் தள்ளிப்போட்டு ஊற விட வேண்டும். மறுபடி ஊறும், மறுபடி இறைக்க வேண்டும். மூன்றாம் தடவையோ நான்காம் தடவையோ அடியில் கிடக்கும் மணல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். "இப்ப மோந்துக்க தாயி" என்பார் அப்பத்தா. குடத்து வாயில் வெள்ளைத் துணி கட்டி, சிரட்டை சிரட்டையாக மோந்து நிரப்புவோம். அவசரப்பட்டு ஆழமாக முக்கினால் அடி கலங்கிவிடும். பின்னால் நிற்கிறவர்கள் மறுபடி இறைத்துக் காத்திருக்க வேண்டும். சும்மாடு வைத்துக் குடத்தைத் தூக்கிவிடக் கட்டாயம் இன்னொரு பெண் வேண்டும். தனியாகத் தண்ணீருக்குப் போனவள் எங்கள் ஊரில் இல்லை.

வெள்ளம் வந்து ஆறு செந்நிறமாக ஓடும் நாட்களில் ஊற்றுத் தோண்ட முடியாது. அப்போது தண்ணீரைப் பானையில் பிடித்து, பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையைத் தேய்த்துவிடுவார்கள். விடிவதற்குள் கலங்கல் அடியில் படிந்திருக்கும். அதற்கு மேல் கொதிக்கவைத்தவர்கள் சிலர். அப்படியே குடித்து வயிற்றுப்போக்கில் படுத்தவர்கள் பலர். பழைய தண்ணீரெல்லாம் அமிர்தம் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய காலத்தில் ஐப்பசி, கார்த்திகையில் பிள்ளைகள் செத்தார்கள்.

ஆனால் மணல் செய்த வேலை பெரிய வேலை. 1892 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி 8,600 பேருக்கு மேல் இறந்தார்கள். எல்பே ஆற்றுத் தண்ணீரை அந்த நகரம் வடிகட்டாமல் குழாயில் விட்டிருந்தது. ஒட்டியிருந்த அல்டோனா ஊரும் அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்தது. அதுவும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு கீழே எடுத்த தண்ணீர். ஆனால் அல்டோனா அதை மணல் படுகையில் மெதுவாக வடித்து அனுப்பியது. அங்கே சாவு மிகக் குறைவு. காலராக் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் காக் இந்த இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டுக் காட்டிய பிறகுதான் மணல் வடிகட்டியின் அருமை உலகத்துக்கு உறைத்தது. மணலின் மேற்பரப்பில் படியும் மெல்லிய உயிர்ப்படலம் கிருமிகளைத் தின்கிறது. கீழே உள்ள மணல் மிச்சத்தைப் பிடித்து நிறுத்துகிறது. பெரிய நகரங்கள் கட்டடம் எழுப்பிச் செய்த அந்த வேலையை எங்கள் ஆறு தானாகச் செய்துகொண்டிருந்தது. மணலுக்குள் தண்ணீர் மெதுவாக நகர வேண்டும், மணல் ஆழமாக இருக்க வேண்டும், மேலே கழிவு அளவோடு இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தவரை ஊற்று நம்மைக் காப்பாற்றியது.

அளவோடு இருக்க வேண்டும் என்பதற்கு ஊரில் கட்டுப்பாடு இருந்தது. ஊற்றுக்கு மேலே யாரும் துவைக்க மாட்டார்கள். மாடு கழுவும் துறை இன்னும் கீழே. ஆற்றுக்குள் காலைக்கடன் கழிக்கப் போனவனை அம்பலத்தில் நிறுத்திக் கேட்டார்கள். ஆனால் அதே கட்டுப்பாட்டுக்குள் ஒரு அநியாயமும் இருந்தது. பட்டியல் சாதிக் குடும்பங்களின் ஊற்றும் துறையும் எல்லாருக்கும் கீழே. மேலே துவைத்த தண்ணீரும் மாடு கழுவிய தண்ணீரும் ஊறித்தான் அவர்கள் குடத்துக்குப் போனது. ஊர்க் கிணற்றில் அவர்கள் வாளி விட முடியாது. பொதுக் கிணறு, குளம், சாலை எல்லாருக்கும் உரியது என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்ட மேலவையில் 1924 ஆகஸ்டில் தீர்மானம் கொண்டுவந்தார்; அடுத்த மாதமே அரசாணையும் வந்தது. மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1927 மார்ச்சில். ஆணை வந்த பிறகும் எங்கள் பக்கத்து ஊர்களில் கிணறுகள் திறக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. தண்ணீரைச் சுத்தமாக வைத்தோம் என்று பெருமை பேசும்போது யாருக்குச் சுத்தமாக வைத்தோம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆறு குடிக்க, கண்மாய் வயலுக்கு என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் கண்மாயும் குடிதண்ணீருக்கு வேலை செய்தது. கண்மாய் நிறைந்தால் கீழ்ப்பக்கத்துக் கிணறுகள் ஊறும். உப்புத் தட்டிய கிணறும் தையில் நல்ல தண்ணீராக மாறும். சோதனை வீட்டிலேயே நடந்தது. துவரம்பருப்பு வெந்தால் நல்ல தண்ணீர். எவ்வளவு விறகு எரித்தும் பருப்பு முழுசாகவே கிடந்தால் அந்தக் கிணறு துவைக்க மட்டும். மடையைத் திறந்து மூடுகிற மடைக்காரருக்கு அறுவடையில் களத்து நெல் உண்டு. தூர் வாருவதற்கு வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போக வேண்டும். இதுதான் குடிமராமத்து. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி வரியை வாங்கிக்கொண்டு பராமரிப்பைக் கைவிட்டது, கண்மாய்கள் மேடேறின. 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைப் போட்டு, ஊர்க்காரர்கள் வராவிட்டால் தண்டம் என்றார்கள். மனமுவந்து செய்த வேலையைச் சட்டம் போட்டு வாங்க முடியவில்லை. அதன் பிறகு வந்த தாது வருடப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, மதுரைச் சீமை பட்ட பாட்டை அப்பத்தாவின் அப்பத்தா சொன்னதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான் முல்லைப்பெரியாறு அணை வேலை வேகம் பிடித்தது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டு ஒப்பந்தம். பொறியாளர் பென்னிகுயிக் தலைமையில் கட்டுமானம். 1895 அக்டோபர் 10இல் ஆளுநர் வென்லாக் திறந்து வைத்தார். மேற்கே ஓடிய ஆறு மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு சேர்ந்து வைகைக்கு வந்தது. அதைக் கட்டும்போது கூலியாட்கள் நூற்றுக்கணக்கில் மலைக்காய்ச்சலிலும் காலராவிலும் இறந்தார்கள். தண்ணீர் கொண்டுவரப் போனவர்களைத் தண்ணீரால் பரவும் நோயே கொன்றது. கம்பம் பள்ளத்தாக்கு பசுமையானதற்கு அவர்கள் உயிரும் ஒரு விலை.

1959 ஜனவரியில் காமராஜர் வைகை அணையைத் திறந்து வைத்தார். முழு மட்டம் 71 அடி. கொள்ளளவு 6,091 மில்லியன் கன அடி. நீர்பிடிப்புப் பகுதியில் ஊர்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய மெட்டூரில் பிறந்த கவிஞர் வைரமுத்து, குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வடுகபட்டிக்கு வந்தார். அந்த இடப்பெயர்வின் கதைதான் 2003இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’. அணைக்கு வீடு கொடுத்தவர்கள் எங்கள் பக்கத்து ஊர்களில் சொந்தக்காரர்களாக வந்து சேர்ந்தார்கள். அணை மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. குடிதண்ணீர் பின்னால்தான் கணக்கில் சேர்ந்தது. இன்று செய்தித்தாளில் அணை நிலவரம் பார்த்தால், பாசனத்துக்குத் திறக்காத நாளிலும் மதுரை, தேனி, ஆண்டிபட்டி, சேடபட்டி குடிநீருக்குத் தண்ணீர் போகிறது என்று இருக்கும்.

எங்கள் ஊருக்கு மாற்றம் அடிகுழாயாக வந்தது. யுனிசெப் உதவியோடு உருவாகி, 1970களின் கடைசியில் இந்தியா முழுக்கப் பரவிய ‘இந்தியா மார்க் 2’ குழாய் அது. சென்னையில்தான் முதலில் பெருமளவில் செய்தார்கள். தெருமுனையில் அது நின்றதும் ஆற்றுக்குப் போவது குறைந்தது. 1971இல் தொடங்கிய குடிநீர் வடிகால் வாரியத்தின் திட்டங்கள் ஊர் ஊராக வந்தன, மேல்நிலைத் தொட்டி எழுந்தது, தெருக்குழாய் வந்தது, பிறகு வீட்டுக் குழாய். இதில் பெண்களின் முதுகும் கழுத்தும் பிழைத்தன. நான் பால்வாடியில் சேர்ந்த காலத்தில் மழை பிடித்த வாரமே பிள்ளைகள் வயிற்றுப்போக்கோடு வருவார்கள். உப்பு, சர்க்கரை கரைத்துக் கொடுப்பதே பாதி வேலை. தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்க ஆரம்பித்த பிறகு அது குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். படிக்கிணற்றில் இறங்கி மோந்தவர்களைப் பிடித்த நரம்புச் சிலந்தி நோயும் 1980களிலேயே தமிழ்நாட்டை விட்டுப் போனது. இந்தியா முழுவதும் ஒழிந்ததாக 2000இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. குழாயைக் குறைசொல்ல என் நாக்கு எழாது.

குழாய் வந்ததும் நாங்கள் ஆற்றைப் பார்ப்பதை விட்டோம் என்பதுதான் குறை. தினமும் கையை விட்டுத் தோண்டிக்கொண்டிருந்தவரை மணல் எவ்வளவு ஆழம், தண்ணீர் என்ன நிறம், மேலே யார் என்ன கலக்கிறார்கள் என்று ஊரில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது அந்தக் கண்காணிப்பு முழுவதும் ஒரே நாளில் ஓய்வு பெற்றது. அதற்குப் பதிலாக வேறு யாரும் நியமிக்கப்படவில்லை. அந்த இடைவெளியில்தான் ஆறு கெட்டது.

எப்படிக் கெட்டது? முதலில் மணல் போனது. வீடு கட்ட மாட்டுவண்டியில் அள்ளினார்கள், பிறகு டிராக்டர், பிறகு லாரி. மணல் குவாரிகளை அரசே ஏற்று நடத்தும் என்று 2003இல் ஆணை வந்தது. தமிழ்நாட்டு ஆறுகளில் திருட்டு மணல் நிற்கவில்லை. மணல் போன இடத்தில் களிமண்ணும் பாறையும் தெரிந்தன. சீமைக் கருவேலம் முளைத்தது. வடிகட்டியே போன பிறகு ஊற்று எங்கே ஊறும்? அடுத்தது ஓட்டம். சோத்துப்பாறையில் 126 அடி உயர அணை வந்தது. பெரியகுளத்துக்குக் குடிநீர், 2,865 ஏக்கருக்குப் பாசனம், தேவையான அணைதான். ஆனால் அதன் பிறகு அணை நிறைந்து வழிந்தாலோ திறந்து விட்டாலோதான் கீழே ஆறு. அந்த ஓட்டம் இல்லாத மாதங்களில் வரும் வழியிலுள்ள ஊர்களின் சாக்கடைதான் ஆற்றில் ஓடும் தண்ணீர். கழிவைக் கரைக்கத் தண்ணீர் இல்லை, வடிக்க மணல் இல்லை.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாதது. 1990 வாக்கில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தபின் கிணறு போர் ஆனது. போர் ஆழம் ஆழமாகப் போனது. வாழைக்கும் கரும்புக்கும் தென்னைக்கும் திராட்சைக்கும் போடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைட்ரேட்டாக மண்ணுக்குள் இறங்குகிறது. செப்டிக் டேங்க் என்ற பெயரில் அடி பூசாமல் வெட்டிய குழிகளிலிருந்தும் அதே நைட்ரேட் இறங்குகிறது. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது என்பது இந்தியத் தரக்கட்டுப்பாடு. கைக்குழந்தையின் ரத்தம் பிராண வாயுவை எடுத்துச் செல்லும் சக்தியை அது குறைக்கும். குழந்தையின் உதடு நீலம் பாயும். கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். தேத்தாங்கொட்டையும் வெள்ளைத் துணியும் இதை ஒன்றும் செய்ய முடியாது. பருப்பு வெந்துவிடும், தண்ணீர் ருசியாகவும் இருக்கும். பாட்டி சொல்லிக் கொடுத்த ஒரு சோதனையிலும் இது பிடிபடாது.

இந்தப் பயத்தில் வந்ததுதான் கேன். 20 லிட்டர் கேன் இன்று கூலிவேலைக்குப் போகிற வீட்டிலும் நிற்கிறது. எதைக் குடிக்கிறோம் என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்குகிறோம். வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மாட்டினவர்கள் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடுகிறார்கள். கரைந்த உப்பு 500 மில்லிகிராமுக்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. தேவையில்லை, தடை செய்யுங்கள் என்று 2019 மே மாதமே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. ஆனால் தன் வீட்டுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று தெரிந்தவர் தெருவுக்கு எத்தனை பேர்?

பெரிய ஊர்கள் செய்வதும் இதே வேலைதான், அளவு மட்டும் பெரிது. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்க் கழிவுகள் முல்லைப்பெரியாற்றில் கலந்து வைகைக்கு வருகின்றன. மதுரைக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று, இந்த ஊர்களுக்கெல்லாம் மேலே, லோயர் கேம்பிலேயே எடுத்துக் குழாயில் கொண்டுபோகச் சுமார் 1,296 கோடி ரூபாயில் திட்டம் போட்டார்கள். பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்தார்கள். மதுரைக்காரர்களின் தாகமும் நியாயம், இவர்கள் பயமும் நியாயம். ஆனால் ஆறு அழுக்கானதும் இன்னும் மேலே போய்க் குழாய் போடுவது என்று ஆரம்பித்தால் அதற்கு முடிவு மலையுச்சிதான். நடுவில் இருக்கும் ஊர்களுக்குச் சாக்கடை மட்டும் மிஞ்சும். பழைய துறைகளில் கடைசித் துறையை யாருக்கு ஒதுக்கினோமோ, அதே கணக்கு இப்போது ஊர்களுக்கும் வந்திருக்கிறது.

ஜல் ஜீவன் திட்டம் 2019இல் வந்தபோது ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சி என்றார்கள். நான் கையைத் தூக்கினேன். பெட்டிக்குள் சின்னச் சின்ன மருந்துப் புட்டிகள், சோதனைக் குழாய்கள், நிற அட்டை. தெருக்கோடிக் குழாயில் பிடித்த தண்ணீரில் குளோரின் மருந்தைச் சொட்டு விட்டால் மஞ்சள் வர வேண்டும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருந்தால்தான் வழியில் கிருமி சேரவில்லை என்று நம்பலாம். மஞ்சள் வராவிட்டால் டேங்க் ஆபரேட்டர் தம்பியிடம் சொல்வேன். "அக்கா, நாளைக்கே கலந்துர்றேன்" என்பார், கலந்தும் விடுவார். நைட்ரேட்டுக்கு இளஞ்சிவப்பு. சிவப்பு கூடக் கூட மனசு கனக்கும். கிருமிக்குத் தனிப் புட்டி. தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கிருமி இருந்தால் கறுப்பாகிவிடும். தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் கறுத்ததைப் பார்த்த ஒரு மதனி, பிள்ளைக்குப் பால் கலக்க எடுத்திருந்த குடத்தை அப்படியே தென்னைக்கு ஊற்றினார். நான் எத்தனை தடவை சொல்லியும் கேட்காதவர் அவர். கண்ணால் பார்த்தால்தான் நம்புவோம். ஊற்றுக் காலத்திலும் தண்ணீர் தெளிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மோந்தோம்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தொட்டிக்குப் பூட்டு, தினம் ஒரு சோதனை, எல்லாத் தெருவுக்கும் ஒரே கவனம். இவை பொறியாளர்கள் பார்த்துக்கொள்ளும் விஷயம் என்று நாம் ஒதுங்க முடியாது.

2017இல் அரசு 100 கோடி ஒதுக்கிக் குடிமராமத்தை மறுபடி தொடங்கியபோது பலர் மகிழ்ந்தார்கள், நானும்தான். ஆனால் மண்வெட்டி எடுப்பது மட்டும் குடிமராமத்து ஆகாது. தண்ணீர் என்ன நிலையில் இருக்கிறது என்று ஊரே தெரிந்திருப்பதுதான் அதன் உயிர். அதை மீட்க இன்று வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை. அதில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்துக்கென்றே கூடுவது. வரவு செலவை வாசிப்பது போல, குழாய்க்குக் குழாய், கிணற்றுக்குக் கிணறு தண்ணீர்ப் பரிசோதனை முடிவை அந்தச் சபையில் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று கேட்கிறேன். எந்தத் தெருவில் குளோரின் இல்லை, எந்தப் போரில் நைட்ரேட் கூடியது, ஆற்றில் எந்த இடத்தில் எந்த வாய்க்கால் சாக்கடையைக் கொட்டுகிறது, எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். மேல்மங்கலமும் வடுகபட்டியும் பெரியகுளமும் தங்கள் நோட்டை வைத்தால், வராகநதி எங்கே கெடுகிறது என்று மலையிலிருந்து வைகை வரை ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அப்போது "எங்களுக்குத் தெரியாது" என்று யாரும் தப்பிக்க முடியாது. சாக்கடையை ஆற்றில் விடாமல் சுத்திகரியுங்கள் என்று தேதியும் இடமும் சொல்லிக் கேட்கலாம். எங்கள் ஊர் நோட்டை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். வருகிற சபையில் வாசிக்க இடம் கொடுங்கள் என்று எழுத்து மூலமாகவே கேட்டிருக்கிறேன். படிக்கத் தெரிந்த மருமகள்மார் இரண்டு பேர் சோதனைக்குக் கூட வருகிறார்கள். உங்கள் ஊரில் அந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.